காத்திருக்கும் வேட்டமும் பார்வை மானும்

பழந்தமிழர் வேட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வில், வலை, நாய் என்னும் மூன்றையும் விரித்துரைத்து அமைவர். ஓடும் விலங்கைத் தொடர்ந்து செல்லும் வேட்டமே அவர்தம் உரையில் முதன்மை பெறுகின்றது. ஆயின் வேட்டம் இருவகைத்து. விலங்கை நாடிச் சென்று எய்வது ஒன்று; விலங்கு தானே வரும் இடத்தில் மறைந்திருந்து எய்வது மற்றொன்று. பின்னதனைக் காத்திருக்கும் வேட்டம் எனலாம். சங்கநூல்களில் இதற்குரிய சான்றுகள் பல உள. அவற்றை ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாறு நோக்குங்கால், புறநானூற்று 320ஆம் பாட்டின் பொருளில் எழும் ஓர் ஐயம் தெளிவதற்கும் வழி பிறக்கும்.

1. வேட்டத்தின் இயல்பு

இவ்வேட்டத்தின் இயல்பை அறிதற்கு, அஃது இன்றும் வழக்கிலுள்ள ஒரு நாட்டை முதற்கண் நோக்குதல் நலம். வட அமெரிக்காவில் வெள்ளைவால் மான் என்னும் மானினம் மிகுதியாக வாழ்கின்றது. அக்கண்டத்தின் வடபகுதிகளில், இலையுதிர் காலத்தே பகற்பொழுது குறையக் குறைய, அம்மானின் ஏறுகள் புணர்ச்சிப் பருவம் எய்துகின்றன. நவம்பர்த் திங்களில் அப்பருவம் உச்சம் அடைகின்றது. ஏனைக் காலங்களில் அவ்வேறு வைகறையிலும் அந்தியிலும் மேய்ந்து, நண்பகலில் புதரிடைக் கிடக்கும். மனித நாற்றம் சிறிது படினும் அகன்றுவிடும். புணர்ச்சிப் பருவத்திலோ உணவையும் உறக்கத்தையும் மறந்து, பிணையைத் தேடி நண்பகலிலும் திரியும். ஆதலின் வேட்டுவர் மரத்தின்மேல் அமைத்த பரணில் விடியுமுன் ஏறி, இருள் கவியுமட்டும் அசைவின்றி இருப்பர். நண்பகலில் இறங்கியவன் நண்பகலில் வரும் ஏற்றை இழப்பான் என்பது அவர் அறிந்த உண்மை. உதிர்ந்த கொம்பிரண்டைத் தம்முள் மோதி ஏறுகள் பொருவது போன்ற ஒலி எழுப்புதலும், பிணையின் உருவம் செய்து நிறுத்துதலும் அவர்பால் உண்டு.

இதனால் பெறப்படுவது யாது? காத்திருக்கும் வேட்டத்திற்குப் பரணோ மறைவோ மட்டும் போதா. விலங்கு அவ்விடத்திற்குத் தானே வருதற்குரிய காரணம் ஒன்று வேண்டும். அக்காரணம் பசியாகலாம், நீர்வேட்கையாகலாம், காமமாகலாம். வட அமெரிக்க வேட்டுவன் பருவத்தை நம்பி இருக்கின்றான். அவனுக்கு நாட்காட்டியே துணை. தமிழ்நாட்டு வேட்டுவனுக்குத் துணையாயது எது என்பதே நம் வினா.

2. பசியும் நீர்வேட்கையும்

பசியைத் துணையாகக் கொண்ட காத்திருப்புக்குத் தினைப்புனம் சான்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மரத்தின்மேல் அமைந்த இதணத்தைக் கூறுகின்றார். அது புலியும் அஞ்சத்தக்கது என்பது அவர் தரும் அடை. தலைவியும் தோழியும் பகலில் அதன்மேலிருந்து கிளி கடிகின்றனர். இதணம் காவலுக்குரியது, வேட்டத்திற்குரியதன்று எனச் சிலர் கூறலாம். மலைபடுகடாம் அக்கூற்றை மறுக்கும் சான்றினைத் தருகின்றது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் அந்நூலில், கழுதின்மேல் இருந்தவன் எய்த அம்பு தைத்த பன்றி, மார்பிற் புண்ணோடு வழியிடை வீழ்ந்து கிடக்கும் காட்சி வருகின்றது. அதனைக் கண்டால் சுட்டு உண்டு செல்க என்பது அறிவுரை. ஆகவே கழுது என்பது புனத்தைக் காக்கும் இடமாகவும், புனத்தை நாடி வரும் விலங்கை எய்யும் இடமாகவும் ஒருங்கே பயன்பட்டமை தெளிவு. அம்புண்ட பன்றி அப்பொழுதே வீழாது சிறிது தொலைவு ஓடி வீழ்ந்தது என்னும் நுண்மையும் ஈண்டுக் கருதத்தக்கது. மேலிருந்து எய்வோன் அறிந்த செய்தி அது.

நீர்வேட்கையைத் துணையாகக் கொண்ட காத்திருப்பைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் விளக்குகின்றார். எயினர் வாழும் பாலை நிலத்தில் மழை மறைந்த காலம். நீர் வேண்டித் தோண்டப்பட்ட குழிகள். அவற்றைச் சூழ மானின் அடிச்சுவடு பதிந்த நிலம். ஆங்கு அகழ்ந்த பள்ளத்துள் ஒளித்து ஒடுங்கி, பன்றியின் வரவு பார்த்து நள்ளிரவில் எயினர் இருக்கின்றனர். அவ்வேட்டம் வாய்க்காதாயின், பகலில் நாயொடு சென்று புதரை அலைத்து, வலை மாட்டி, முயலைக் கொள்கின்றனர். இங்குப் புலவர் இருவகை வேட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுதல் காண்க. காத்திருக்கும் வேட்டமே முதலது. தொடர்ந்து செல்வது அது தவறியவழி மேற்கொள்வது. சுவடு கண்டு இடம் தேர்தல், நீரைச் சூழ மறைதல், இரவைத் தேர்தல் ஆகிய மூன்றும் காத்திருப்பானது முறையான தொழிலாக இருந்தமையைக் காட்டுகின்றன.

3. காமமும் பார்வை மானும்

இனி மூன்றாவதாகிய காமத்தை நோக்குவோம். இங்கேதான் தமிழ்நாட்டு வேட்டுவன் எதிர்கொண்ட இடர் வேறாகின்றது.

தொல்காப்பியர் மரபியலில் இரலை, கலை என்னும் ஆண்பெயர்களைப் புல்வாய்க்கு உரியனவாகக் கூறி, கலை என்பது உழைக்கும் உரித்து என்பர். பிணை என்னும் பெண்பெயரைப் புல்வாய், நவ்வி, உழை, கவரி என்பவற்றிற்கு உரித்தாக்குவர். இரலையின் கொம்பு இரும்பை முறுக்கினாற் போன்றது என்பது அகநானூற்று நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் கூறும் உவமை. முறுக்கிய கொம்புடையது நம் நாட்டில் வெளிமான் எனவும் திருகுமான் எனவும் வழங்குவதாகலின், புல்வாய் என்பது அதுவே எனக் கொள்ளுதல் பொருந்தும். கோடியக்கரைச் சரணாலயத்தில் இன்றும் அதனைக் காணலாம்.

வெளிமானின் இணைவிழைச்சு ஆண்டின் எத்திங்களிலும் நிகழக்கூடியது. சில திங்களில் மிகுவதும் சில திங்களில் குறைவதுமே உண்டு. புள்ளிமானும் அத்தன்மைத்தே. புள்ளிமான் திரள் ஒன்றில், ஒரே காலத்தில், முற்றிய கொம்புடைய கலையையும் தோல் போர்த்த இளங்கொம்புடைய கலையையும் ஒருங்கே காணலாம். வடநிலத்து மானினத்தைப் போலப் பகற்பொழுதின் குறைவு அவற்றையெல்லாம் ஒருசேர எழுப்புவதில்லை. எனவே, 'இன்ன திங்களில் ஏறு மதங்கொண்டு திரியும். அப்போது பரணேறி இருப்போம்' எனத் தமிழ்நாட்டு வேட்டுவன் கருதியிருத்தல் இயலாது. பருவம் அவனுக்கு உதவவில்லை. அதற்கு மாற்றாக அவன் கண்டது பார்வை.

பார்வை என்பது பிற விலங்கையும் புள்ளையும் ஈர்ப்பதற்கென வேட்டுவர் பழக்கி வைத்த விலங்கு அல்லது புள். பெரும்பாணாற்றுப்படை கூறும் எயினர் மனை முற்றத்தில், பார்வை மானைக் கட்டியதனால் தேய்ந்த அடியினையுடைய விளாமரம் நிற்கின்றது. மரம் தேயுமளவு அம்மான் அங்கே நெடுநாள் கட்டப்பட்டிருந்தது என்பது கருத்து. நற்றிணை 212இல் குடவாயிற் கீரத்தனார் பார்வையைக் கொண்டு வேட்டையாடுவோன் விரித்த வலையை அஞ்சிக் கூவும் கணந்துட் பறவையைப் பாடுகின்றார். அந்நூலின் 312ஆம் பாட்டில், கழார்க் கீரன் எயிற்றியார் மாரிக்கால நள்ளிரவில் பார்வைக் குருகினைக் கட்டிய கோலை வேட்டுவன் இரங்கிக் களைதலைக் குறிக்கின்றார். மான், புள் ஆகிய இரண்டிற்கும் பார்வை வழக்கில் இருந்தமை இவற்றாற் புலனாகும்.

வட அமெரிக்க வேட்டுவன் மானின் பருவத்திற்குக் காத்திருக்கின்றான். எயினனோ பருவத்தையே முற்றத்தில் கட்டி வைத்தான் எனலாம். மதங்கொண்ட கலை எந்நாளில் வருமென அறியாவிடினும், வரும் இடத்தை அவன் அறிந்தான். வடநாட்டில் முகலாயர் காலத்து வழக்கமும் ஒப்புநோக்கத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் இயற்றிய அயினி அக்பரி, பழக்கிய ஆண்மானின் கொம்பில் வலையைக் கட்டிக் காட்டு மானொடு பொரவிட்டு, அவ்வலையில் அதனைச் சிக்கவைக்கும் முறையைக் கூறுகின்றது. ஆங்கு ஈர்ப்பது பகைமை; ஈங்கு ஈர்ப்பது காமம். இரண்டும் ஏற்றின் மதத்தைப் பயன்கொள்ளும் முறைகளே.

4. புறநானூறு 320

மேற்கண்டவற்றை மனங்கொண்டு வீரை வெளியனார் பாடிய புறப்பாட்டை அணுகுவோம். உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. ஆகவே இப்பாட்டிற்குப் பழைய உரையின் துணை இல்லை.

பாட்டின் காட்சி இது. முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து பந்தர் வேண்டாது நிழல் செய்யும் முற்றம். யானை வேட்டுவன் அங்கே அயர்ந்து உறங்குகின்றான். அவன் வளர்க்கும் பார்வைப் பிணையைத் தனித்ததோர் ஆண்மான் வந்து தழுவி விளையாடுகின்றது. மனையோள் அதனைக் கண்டாள். கணவன் எழுந்துவிடுவான் என அஞ்சினாள். கலை பிணையை விட்டு நீங்கும் எனவும் அஞ்சினாள். வீட்டில் எவ்வகை நடமாட்டமும் இன்றி நின்றாள். ஆள் அரவம் இல்லாமையால், மான்தோலின்மேல் உலரப் பரப்பிய தினையைக் கானக்கோழியும் இதற்பறவையும் ஆரவாரித்து வந்து உண்டன. பின்னர்ப் பாட்டு, பாணனை நோக்கி, சந்தனக் கட்டையின் தீயிற் சுட்ட ஊனைச் சுற்றத்தொடு உண்டு தங்கிச் செல்க எனக் கூறி, வேந்தன் தரும் செல்வத்தைப் பரிசிலர்க்கு எந்நாளும் குறையாது ஈயும் தலைவனது ஊரைப் புகழ்ந்து முடிகின்றது.

ஐயம் எழுவது மனையோளின் அச்சத்தில். அவள் வேட்டுவன் மனைவி. பார்வை மான் கட்டப்பட்டிருப்பது கலையை ஈர்ப்பதற்கே, கலையும் வந்துவிட்டது. இந்நிலையில் அவள் அசையாது நின்றது வேட்டத்தின் பொருட்டே, இரை அகலாதிருத்தற்கே எனக் கொள்வார் உளராயின், அஃது முற்றும் பொருந்தாக் கூற்றென்று எளிதில் தள்ளற்பாலதன்று. பரணில் இருப்போனின் அசைவின்மையும் அவளது அசைவின்மையும் புறத்தே ஒன்றுபோல் தோன்றுவன.

ஆயினும் மூன்று காரணங்களால் அவ்வுரை ஏலாது. முதலாவது, அவள் அச்சம் இரண்டெனப் புலவர் எண்ணிக் கூறியமை. இரையை வேண்டுவாளாயின் கலை அகல்வதற்கு மட்டுமே அஞ்சுவாள்; கணவன் எழுவதை விரும்புவாள்; மெல்லத் தொட்டு எழுப்பவும் முயல்வாள். கணவன் எழுதலே அவளது முதல் அச்சமாகக் கூறப்பட்டது. எழுந்தால் அவன் கை வில்லை நாடும் என்பதனை அவளன்றி அறிவார் யார்? இரண்டாவது, அவள் கண்டதனைப் புலவர் மான் வருகை என்னாது, இன்பந்தரும் கூட்டம் என்றமை. அவள் பார்வையில் அது இரையாகத் தோன்றவில்லை. மூன்றாவது, அவள் ஏற்ற இழப்பு. உணவாகிய தினையைப் பறவைகள் கவர்வதைக் கண்டும் அவள் கையை ஓங்கவில்லை. இரைக்காக நின்றாளாயின் தினையிழப்பு ஊனால் ஈடுபெறும். இரக்கத்தால் நின்றாளாயின் அது வெற்றிழப்பே. அவ்விழப்பைப் புலவர் விரித்துரைத்தது அவள் உள்ளத்தின் அளவைக் காட்டுதற்கே என்க. தினை உலர்ந்தது முன்னொருநாள் பட்ட மானின் தோல்மேல் என்பதும் நினைக்கத்தக்கது. அவள் வேட்டத்தை அறியாதவளும் அல்லள், வெறுத்தவளும் அல்லள். அந்த ஒருபொழுதில் மட்டும் அதனை வேண்டாதவளாயினள்.

இப்பொருளே பாட்டின் முடிவிற்கும் இயைபுடையது. தன் முற்றத்திற்கு வந்த விலங்கின் இன்பத்தையும் குலைக்க மனமில்லாத மகளிர் வாழும் ஊராயின், வந்த பாணனை அவ்வூர் எவ்வாறு போற்றும் என்பது சொல்லாமலே விளங்கும். வேட்டக் காட்சியை வள்ளன்மைக்கு முன் வைத்த புலவரது கருத்து இதுவாதல் வேண்டும்.

5. பிற்கால வழக்கு

மறைந்திருந்து கொள்ளும் வேட்டத்தின்பால் தமிழ்ச் சான்றோர் ஒருவகை ஐயுறவு கொண்டிருந்தமை பிறிதோரிடத்தும் காணலாம். திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தில், தவக்கோலத்துள் மறைந்து தீமை செய்வானுக்குப் புதரில் மறைந்து புள்ளைப் பிடிக்கும் வேட்டுவனை உவமையாக்கினார் (274). ஆனால் பார்வை என்னும் சொல் பின்னர் எய்திய உயர்வு வியப்பிற்குரியது. பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், இறைவன் மானிட வடிவிற் குருவாக வருவதற்குப் பார்வையை உவமை கூறினார் (45). மானைக் கொண்டு மானைப் பிடிப்பது போல, மனித வடிவைக் கொண்டு மனிதரை ஆட்கொள்கின்றான் என்பது கருத்து. தாயுமானவரும் இவ்வுவமையை ஆண்டார். எயினர் முற்றத்தில் விளாமரத்தைத் தேய்த்து நின்ற பிணை, ஆயிரம் ஆண்டுகளுக்குமேற் கடந்து அருளின் உருவாயிற்று.

6. முடிவு

பசி, நீர்வேட்கை, காமம் என்னும் மூன்றையும் துணையாகக் கொண்டு காத்திருக்கும் வேட்டம் பழந்தமிழரிடை முறையாக நிகழ்ந்தது. மான்களுக்கு ஒருசேர வரும் புணர்ச்சிப் பருவம் இந்நாட்டில் இன்மையின், பார்வை மான் அப்பருவத்தின் இடத்தைப் பெற்றது. இதனை உணர்ந்தால், வீரை வெளியனார் பாட்டில் வரும் கலையின் வருகை தற்செயல் அன்று, வேட்டுவன் நெடுநாள் எதிர்நோக்கியதே என்பது விளங்கும். அவ்வளவு நாள் காத்த பயன் கைக்கெட்டும் பொழுதில் அவன் உறங்குகின்றான். விழித்திருந்தவள் அதனை விட்டுக்கொடுத்தாள். அவள் விட்டுக்கொடுத்தது எத்துணைப் பெரிது என்பதைக் காத்திருக்கும் வேட்டத்தின் அருமை அறிந்தவரே முழுதும் உணர்வர். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கிற்று. சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், ஒரு முற்றத்தில், ஒரு பெண் அசையாது நின்று காத்த அறம் அது.