இரண்டு சாட்சிகள்

ஆவணத்தை நம்புவதா, தேய்மானத்தையா? 1054ல் சீன வானியலாளர்கள் ஒரு 'விருந்தாளி நட்சத்திர'த்தைப் பதிவு செய்தார்கள். 23 நாட்கள் பகலிலும் தெரிந்தது. வெடித்த இடத்தில், நண்டு நெபுலாவின் நடுவே, 1968ல் ஒரு நியூட்ரான் நட்சத்திரம் பிடிபட்டது. வினாடிக்கு 30 சுற்று. அதன் காந்தப்புலமே சுழற்சியை இழுத்துப் பிடிக்கிறது; சுழற்சி இழக்கும் சக்தியில்தான் நெபுலா இன்னும் ஒளிர்கிறது. ஒரு சுற்றுக்கான நேரம் தினமும் வினாடியின் நூறு கோடியில் சுமார் 36 பங்கு கூடுகிறது. இதைக்கொண்டு வழக்கமான சூத்திரப்படி வயது கணித்தால் 1250 வருஷம். ஆவணப்படி இன்னும் ஆயிரம் நிறையவில்லை.

நான் இரண்டையும் தள்ளமாட்டேன். பிறக்கும்போது அளவற்ற வேகம் இருந்ததாகச் சூத்திரம் வைத்துக்கொள்கிறது. உண்மையில் பிறப்பிலேயே அதற்கு ஓர் எல்லை இருந்தது: வினாடிக்கு 50 சுற்றையொட்டி. சாட்சிகள் பொருந்தியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.