சாவியும் கடிகாரமும்

தமிழ் மருத்துவத்தில் குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்றொரு நூல்வகை உண்டு. அதில் மாந்தம், இசிவு, வலிப்பு என்று விரியும் பட்டியலில் ஒரு பகுதியை இன்றைய மருத்துவம் காய்ச்சல் வலிப்பு என்ற ஒரே பெயரில் அடக்கிவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருவது அது. வலிப்பு கண்ட குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். அது நீடித்ததற்கு அறியாமை மட்டும் காரணமன்று. பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. வெற்றி சாவியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

சாவி தோற்கும் வலிப்பைப் பற்றி மருத்துவர்களே நெடுங்காலம் ஒத்த கருத்துக்கு வரவில்லை. பிரான்சில் ஐகார்டி, ஷெவ்ரி இருவரும் 1970இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வலிப்பு நீடித்த 239 குழந்தைகளைப் பற்றியது. இறப்பும் மூளைப் பாதிப்பும் மிகுந்த இருண்ட சித்திரம் அது. 1989இல் அமெரிக்காவில் மைட்டல், ஷின்னார் குழுவினர் 193 குழந்தைகளை ஆராய்ந்தபோது காட்சி மாறியது. இறந்தவர் எழுவர். அவர்கள் அனைவரும் மூளையைத் தாக்கிய வேறொரு கடும் நோய்க்கு ஆளாகியிருந்தவர்கள். காய்ச்சலால் மட்டும் நீண்ட வலிப்பு வந்த குழந்தைகளில் இறப்பு இல்லை. குழந்தையின் கதியைப் பெரிதும் தீர்மானிப்பது வலிப்பின் காரணமே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஆனால் இந்த ஆறுதலும் முழுமையானதன்று. ஷின்னார் பின்னர் தலைமையேற்ற மற்றோர் ஆய்வில், அரை மணிக்கு மேல் காய்ச்சல் வலிப்பு நீடித்த குழந்தைகளில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் உடனடி மாற்றம் ஸ்கேனில் தென்பட்டது. வலிப்பு நீள நீள, மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளிழுக்கப்படுகின்றன. முதல் நிமிடங்களில் கேட்கும் மருந்து பிறகு கேட்பதில்லை. எனவேதான் பழைய முப்பது நிமிட வரையறை சிகிச்சைக்கு உதவாதென்று கண்டு, 2015இல் உலக வலிப்புநோய்ச் சங்கம் உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்புக்கு ஐந்து நிமிடத்தைச் சிகிச்சை தொடங்கும் எல்லையாகவும், முப்பது நிமிடத்தை நிலைத்த பாதிப்பு நேரக்கூடிய எல்லையாகவும் பிரித்து வைத்தது.

இந்த ஐந்து நிமிடத்தைப் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்க்க வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டுக் குப்பங்களுக்கும் ஏரித் தீவுகளுக்கும் நெடுங்காலம் படகே வழி. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை ஐம்பதுக்கும் மேல். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வந்ததோ 2008இல்தான். அந்த வண்டியும் சாலை முடியுமிடத்தில் நின்றாக வேண்டும்.

ஆகவே மருந்து குழந்தையிடம் போவதே நியாயம். இஸ்ரேலில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், நரம்பு வழி டயசிபாமைவிட மூக்கில் விட்ட மிடசோலம் விரைவாக வலிப்பை அடக்கியது: மருத்துவமனை வந்ததிலிருந்து கணக்கிட்டால் 8 நிமிடத்துக்கு எதிராக 6.1 நிமிடம். துடிக்கும் பிஞ்சுக் கையில் நரம்பு தேட வேண்டியதில்லை என்பதே ரகசியம். இன்று இந்தியாவில் மூக்கில் பீய்ச்சும் வடிவிலும் அது கிடைக்கிறது. ஒருமுறை நீண்ட வலிப்பு கண்ட குழந்தையின் வீட்டில் மருத்துவர் சீட்டுடன் அது இருக்கலாம். முதல் வலிப்பு சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்குக் குப்பத்துச் செவிலியரின் கைப்பெட்டியில்தான் இருந்தாக வேண்டும்.

பிழைத்த குழந்தையை ஊர் என்ன சொல்லி அழைக்கிறது என்பதும் இந்த வரலாற்றில் சேரும். காய்ச்சல் வலிப்பு கண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னாளில் வலிப்புநோய் வருவதில்லை. நீண்ட வலிப்பானால் வாய்ப்பு சற்றுக் கூடும், அவ்வளவே. ஊரார் வாயில் இரண்டும் ஒன்றே. சட்டத்தின் வாயும் அப்படித்தான் இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், திரும்பத் திரும்ப வரும் வலிப்பைச் சித்தபிரமையோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக எழுதியது. அந்தச் சொல்லை நீக்க 1999 வரை ஆயிற்று.