ஆற்றுக்கல்லில் எழுந்த கைவினை இல்லம்: எல் அலிசாலின் மரபு மதிப்பு

முன்னுரை

அமெரிக்கக் கட்டடக்கலையில் 'கிராஃப்ட்ஸ்மன்' பாணி என்றதும் மரத்தால் ஆன பங்களாக்களே பெரிதும் பேசப்படுகின்றன. பாசடீனா நகரில் கிரீன் சகோதரர்கள் 1908இல் வடிவமைத்த கேம்பிள் இல்லம் அப்பாணியின் உச்சமாகக் கொள்ளப்படுகிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே லாஸ் ஏஞ்சலிஸில், அரோயோ செக்கோ என்னும் காட்டாற்றின் கரையில், ஆற்றுக் கற்களால் ஒரு வீடு எழத் தொடங்கியிருந்தது. இதழாசிரியர் சார்லஸ் ஃபிளெட்சர் லம்மிஸ் (1859–1928) கட்டிய 'எல் அலிசால்' அது. இவ்வீட்டின் மரபு மதிப்பு, தோற்றத்தைக் காட்டிலும் அது கட்டப்பட்ட முறையிலேயே அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இயக்கத்தின் வருகை

ஆலை உற்பத்தி கைத்தொழிலாளியின் மதிப்பைக் குலைத்தது என்று இங்கிலாந்தில் ஜான் ரஸ்கினும் வில்லியம் மோரிசும் வாதிட்டனர். அவர்கள் சிந்தனையிலிருந்து வளர்ந்த கலை–கைவினை இயக்கம் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1897இல் பாஸ்டனில் கைவினைக் கண்காட்சி நடந்தது. அவ்வாண்டே அதற்கெனச் சங்கமும் அமைந்தது. 1901இல் குஸ்தாவ் ஸ்டிக்லி தொடங்கிய 'தி கிராஃப்ட்ஸ்மன்' இதழே இப்பாணிக்குப் பெயர் தந்தது. பொருளின் இயல்பை மறைக்காமை, கைவேலையின் தடத்தை அழிக்காமை, மண்ணோடு இயைந்து நிற்றல் ஆகியன அதன் கொள்கைகள்.

எல் அலிசால் இவ்விதழுக்கு முந்தியது. ஆகவே அச்சில் வந்த மாதிரிப் படங்களைப் பார்த்து அது தொடங்கப்பட்டிருக்க இயலாது. லம்மிஸின் ஊக்கம் வேறிடத்திலிருந்தும் வந்தது. நியூ மெக்சிகோவின் இஸ்லெட்டா புவெப்லோ ஊரில் அவர் வாழ்ந்தவர். கலிஃபோர்னியாவின் சிதைந்துவந்த ஸ்பானிய மிஷன் கட்டடங்களைக் காக்க 1895இல் 'லேண்ட்மார்க்ஸ் கிளப்' உருவாக முன்னின்றவர். தடித்த சுவர்களின் வலிமையை அவர் அங்கெல்லாம் கண்டிருந்தார்.

கல்லும் கையும்

சான் கேப்ரியல் மலையிலிருந்து வெள்ளம் உருட்டிவந்த கற்கள் ஆற்றுப் படுகையில் கிடந்தன. அவை செதுக்கப்படாமல், உருண்ட வடிவிலேயே சுவரேறின. தரை காரையால் ஆனது. ரயில் நிறுவனத்தின் பழைய கம்பங்கள் தூலங்களாயின. ஏறக்குறைய 1910 வரை நீண்ட இவ்வேலையில் இஸ்லெட்டா இளைஞர்கள் பெரும் பங்காற்றினர். வீடு லம்மிஸ் பெயரால் அறியப்படுகிறது. அவ்விளைஞர்களின் உழைப்பும் அதே அளவுக்கு நினைக்கப்பட வேண்டும். கைவினையைப் போற்றிய ஓர் இயக்கத்தின் வரலாற்றில் கைகளுக்கு உரியவர்கள் விடுபடுவது நியாயமன்று.

பின்னர் அரோயோ கற்கள் அவ்வட்டாரக் கட்டடங்களின் அடையாளமாயின. கிரீன் சகோதரர்கள் அவற்றைச் சூளையில் முறுகிய செங்கற்களோடு கலந்து மதில்களிலும் மேடைச் சுவர்களிலும் பயன்படுத்தினர்.

மீண்டும் கட்ட இயலாமை

இரண்டு மாற்றங்கள் இம்மரபை முடித்துவைத்தன. 1933இல் லாங் பீச் நிலநடுக்கம் கம்பி வலுவூட்டல் இல்லாத கொத்துவேலைச் சுவர்களைச் சரித்தது. அதன்பின் கலிஃபோர்னியாவில் அத்தகைய கட்டுமானம் தடுக்கப்பட்டது. வெள்ளத் தடுப்புக்காக அரோயோ செக்கோவின் பெரும்பகுதி கான்கிரீட் கால்வாயாக்கப்பட்டது. 1940இல் அதையொட்டி விரைவுச் சாலையும் திறக்கப்பட்டது. ஆற்றிலிருந்து கல்லெடுத்துக் கரையிலேயே வீடு கட்டும் வழக்கம் அற்றுப்போனது. அந்த ஆற்றின் பழைய படுகை எப்படியிருந்தது என்பதற்கு இச்சுவர்களும் சான்றாகிவிட்டன.

மதிப்பீடு

1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி விரிவாக்கப்பட்ட அமெரிக்கத் தேசியப் பதிவேடு வரலாற்று நிகழ்வு, மனிதர், கட்டடக்கலை, தகவல் வளம் ஆகிய அடிப்படைகளில் மதிப்பை அளக்கிறது. இடம், வடிவமைப்பு, சூழல், பொருள், வேலைத்திறன், உணர்வு, தொடர்பு ஆகிய ஏழும் சிதையாதிருத்தலையும் அது ஆராய்கிறது. எல் அலிசால் 1971இல் பதிவேட்டில் இடம்பெற்றது. இவ்வேழில் சூழல் பெரிதும் மாறிவிட்டது. பொருளும் வேலைத்திறனும் சுவர்களில் இன்றும் கண்கூடு.

முடிவுரை

இத்தகைய கல்வீடுகளைப் பழுதுபார்க்கையில் மூலச் சாந்தின் தன்மையை ஆராய்ந்து, அதற்கு ஒத்த கலவையையே பயன்படுத்த வேண்டும். மிகக் கடினமான சாந்து ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரைக் கெடுக்கும். கற்களின் மேல் பூசிச் சமன்செய்வது கட்டியவர்களின் கைத்தடத்தையே மறைத்துவிடும். முகப்பை மட்டும் காத்தால் எஞ்சுவது ஒரு படமே. கல், சாந்து, அடுக்கிய முறை ஆகிய மூன்றையும் காப்பதே உண்மையான மரபுப் பாதுகாப்பு.