ஒரு பல் குறைந்தால் முள் பொய் சொல்லும்

ஸ்போர்ட்ஸ் பைக் ஓடுபவர்கள் கூடிக் கதைக்கிற இடமெல்லாம் ஒரு ஆலோசனை அடிபடும்: "முன்னுக்கு ஒரு பல்லைக் குறைச்சுப் போடு, பிறகு பார் அது இழுக்கிற இழுவையை." உண்மைதான், இழுக்கும். ஆனால் கனக்கப் பைக்குகளில் அதே நாளில் இன்னொன்றும் நடக்கும். கண்ணுக்கு முன்னால் இருக்கிற வேகக் கணக்குப் பிழைத்துவிடும். செயின் ஓடுகிற ஸ்ப்ரொக்கெட்டை மாற்றினதுக்கு ஸ்பீடோமீற்றர் ஏன் குழம்ப வேணும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய் நாங்கள் நூறு வருசத்துக்கும் மேலான ஒரு கதைக்குள் இறங்கிவிட்டோம்.

முதலில் செயின். சுவிற்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்துக்குப் போன ஹான்ஸ் ரெனோல்ட், 1879 இல் மன்செஸ்டருக்குப் பக்கத்தில் சல்போர்ட்டில், நெசவு இயந்திரங்களுக்குச் செயின் செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றை வாங்கினார். அடுத்த வருசமே புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை எடுத்தார். பல்லில் உரசாமல் உருண்டு போகிற செயின் அது. இன்றைக்கு எங்கட பைக்கில் ஓடுவதும் அடிப்படையில் அதேதான்.

1885 இல் கொவென்ட்றியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஓடிய உயரச் சைக்கிள்களில் பெடல் நேராக முன்சில்லில் பூட்டியிருந்தது. கூட வேகம் வேணுமெண்டால் சில்லைப் பெருப்பிக்க வேணும். அதனால்தான் அந்தச் சில்லு ஆள் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்தது. பின்சில்லைச் செயினால் சுழற்றிய ரோவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சில்லைத் தொடாமல் பல்லின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும்.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள் பல தோல் பெல்ட்டில் ஓடியவை. மழை பெய்தால் பெல்ட் வழுக்கும். 1911 இல் மான் தீவின் ரி.ரி. பந்தயம் முதல்தடவையாக மலைப்பாதைக்கு மாறியது. செயினும் இரண்டு கியரும் பூட்டிய அமெரிக்க இந்தியன் பைக்குகள் அந்த வருசச் சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிக்கொண்டு போயின. செயின் நிலைத்தது. அதோடு பந்தயப் பாதைக்கு ஏற்ற மாதிரி ஸ்ப்ரொக்கெட் மாற்றுகிற பழக்கமும் பந்தயக்காரரிடம் நிலைத்தது: வளைவு கூடின பாதைக்கு ஒன்று, நீள நேர்ப்பாதைக்கு இன்னொன்று.

கணக்குச் சின்னதுதான். 2006 ஆம் ஆண்டு யமஹா ஆர்6 ஐ எடுப்போம். முன்னுக்கு 16 பல், பின்னுக்கு 45. நாற்பத்தைந்தைப் பதினாறால் பிரித்தால் 2.81. அதாவது பின்சில்லு ஒருதரம் சுற்ற, முன் ஸ்ப்ரொக்கெட் 2.81 தரம் சுற்ற வேணும். முன்னுக்கு 15 போட்டால் விகிதம் 3 ஆகும். முன்பல்லைத் தொடாமல் பின்னுக்கு 48 போட்டாலும் அதே 3 தான். முன்னுக்கு ஒரு பல் குறைப்பது பின்னுக்கு மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். முன்னதை மாற்றுவது மலிவு, ஆனால் சின்ன வட்டத்தில் செயின் கூட மடங்கும், கெதியாய்த் தேயும். இரண்டிலும் இழுவை கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும். ஒவ்வொரு கியரிலும் எட்டக்கூடிய வேகம் அதற்கேற்பக் குறையும்.

இனி முள். 1902 இல் ஸ்ட்ராஸ்பேர்க்கைச் சேர்ந்த ஒட்டோ ஷுல்ட்சே ஸ்பீடோமீற்றருக்கு ஜேர்மனியில் காப்புரிமை எடுத்தார். (அந்த நகரம் அப்போது ஜேர்மனியோடு இருந்தது.) சில்லோடு சேர்ந்து சுழலும் ஒரு கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை மூடி ஒரு உலோகக் கிண்ணம், அதில் ஒரு முள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் திருப்பி இழுக்கும். எவ்வளவு வேகமோ அவ்வளவு தூரம் முள் ஏறும்.

மோட்டார் சைக்கிளில் இந்தக் கேபிள் கனகாலம் முன்சில்லில் இருந்துதான் வந்தது. 1969 இல் வந்த ஹொண்டா சிபி750 இலும் அப்படித்தான். முன்சில்லைச் செயின் இழுப்பதில்லை, றோட்டுத்தான் உருட்டுகிறது. அந்தக் காலத்தில் நீங்கள் எந்த ஸ்ப்ரொக்கெட்டைப் பூட்டினாலும் முள்ளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

1990களில் கேபிள் போய் இலத்திரனியல் மீற்றர் வரத் தொடங்கியது. பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் சென்சர் கியர்பொக்ஸுக்குப் போய்விட்டது. அது உள்ளே சுழலும் பல்லுகளை எண்ணி மின்துடிப்பாக அனுப்பும். மீற்றர் அதை வைத்து, "முன்னுக்கு 16, பின்னுக்கு 45, ரயர் இவ்வளவு பெரிது" என்ற கணக்கில் வேகத்தைச் சொல்லும். இங்கேதான் கதை திரும்புகிறது. முந்தி முள் றோட்டை அளந்தது. இப்போது அது கணக்குப் போடுகிறது. ஸ்ப்ரொக்கெட்டை மாற்றினது நாங்கள், ஆனால் அதை மீற்றருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அதனால் 15 பல் போட்ட ஆர்6 மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும்போது, ஏறக்குறைய 107 என்று காட்டுமளவுக்குத் துடிப்பு போகும். மறுவளமாக, நீண்ட பயணத்தில் எஞ்சின் ஆறுதலாய் ஓடட்டும் என்று 17 பல் போட்டால் அது 94 ஆகக் குறையும். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. நீங்கள் நினைப்பதை விட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், பிரேக் பிடிக்கிற தூரத்தையும் குறைத்தே கணக்குப் போடுவீர்கள். உண்மையான வேகத்தை விடக் குறைவாக ஸ்பீடோமீற்றர் ஒருபோதும் காட்டக்கூடாது என்று ஐ.நா.வின் 39 ஆவது வாகன ஒழுங்குவிதி சொல்வது இதனால்தான். அதில் பிழைக்கக்கூடாது என்று கம்பனிகள் முள்ளைக் கொஞ்சம் கூட்டியே வைக்கின்றன. ஆக, பல் மாற்றின பைக்கில் பொய் இரண்டு: ஒன்று கம்பனி வைத்தது, மற்றது நாங்கள் வைத்தது.

திருத்துவதற்குச் சென்சருக்கும் மீற்றருக்கும் நடுவில் பூட்டுகிற சின்னப் பெட்டிகள் வந்தன. ஹங்கேரியில் செய்யப்படும் ஸ்பீடோஹீலர் அதில் பேர்போனது. வருகிற துடிப்பை எண்ணி, நாங்கள் கொடுக்கிற சதவீதத்தின்படி கூட்டியோ குறைத்தோ மீற்றருக்கு அனுப்பும். 16 இலிருந்து 15 க்குப் போனால் பதினைந்தைப் பதினாறால் பிரிக்க வேணும்: 0.9375. அதாவது 6.25 சதவீதம் குறைக்க வேணும். கூடினது 6.7, குறைப்பது 6.25 என்று குழம்ப வேண்டாம்; 107 இல் இருந்து 100 க்கு இறங்குகிற கணக்கு அது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கனபேர் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து, கம்பனி வைத்த கூடுதலையும் சேர்த்தே கழித்துவிடுவார்கள். முள் சரியாகிவிடும். ஆனால் ஓடின தூரத்தை எண்ணுகிற மீற்றரும் அதே துடிப்பில்தான் ஓடுகிறது, கம்பனி அதற்குப் பொதுவாகக் கூடுதல் வைப்பதில்லை. ஆகவே முள்ளைத் திருத்தப்போய்த் தூரத்தைக் குறைத்துவிடுவோம். ஒன்றும் திருத்தாமல் விட்டாலோ, 15 பல்லில் 10,000 கிலோமீற்றர் ஓடின பைக் ஏறக்குறைய 10,670 என்று சொல்லும். சேர்விஸ் பண்ணுகிற தவணையும் பைக்கை விற்கும்போது சொல்கிற கணக்கும் இதில்தான் தங்கியிருக்கின்றன. எங்கட அபிப்பிராயம்: பல் மாற்றினதற்கு மட்டும் திருத்துங்கள். கம்பனி வைத்த கூடுதலை அப்படியே விடுங்கள், அது உங்கட பக்கம் நிற்கிற பொய்.

பிறகு ஏபிஎஸ் பிரேக் வந்தது. சில்லு இறுகுகிறதா என்று பார்க்க அதற்குச் சில்லிலேயே சென்சர் வேணும். அது வந்தபிறகு பல மாடல்களில் ஸ்பீடோமீற்றரும் அங்கிருந்தே வேகத்தை எடுக்கத் தொடங்கியது. சுற்றிச் சுழன்று முள் திரும்பவும் சில்லுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அதனால் பல்லில் கைவைக்க முதல் உங்கட பைக்கின் சென்சர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நேர் றோட்டில், பின்னுக்கு ஒருவரை ஏற்றி அவரை ஜிபிஎஸ் பார்க்கச் சொல்லி, மாற்ற முன்னும் பின்னும் முள் காட்டினதைக் குறித்து வையுங்கள். எத்தனை பல் போட்டது, எந்தக் கிலோமீற்றரில் போட்டது என்பதையும் எழுதி வையுங்கள். நாளைக்கு அந்தப் பைக்கை வாங்கப்போகிறவருக்கு அந்த முள் மட்டும்தான் தெரியும், நீங்கள் மாற்றின பல் தெரியாது.