பிரான்ஸ் கிராமங்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கணுமா? இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் புறப்படுங்க!

பிரான்ஸ், சைக்கிள் - இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்?

1903ஆம் ஆண்டில் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' போட்டிதானே? மலைமீது மூச்சு வாங்க ஏறும் வீரர்கள், மஞ்சள் சட்டை, சாலையோரக் கூட்டம்...

"அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று ஒதுங்கிவிட வேண்டாம். அதே நாட்டில் ஆற்றோரமாகவும் கால்வாய்க் கரையிலும் பழைய ரயில் தடத்திலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சமதளப் பாதைகள் இருக்கின்றன. பூங்கா இணைப்புப் பாதையில் 40 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவரால் இவற்றில் தாராளமாகப் போகமுடியும்.

ஆனால் சில விஷயங்கள் தெரியாமல் போனால் சிரமம். சில நேரம் ஆபத்தும்கூட.

இந்தப் பாதைகள் எப்படி உருவாயின?

பிரான்ஸில் கிராமப்புற ரயில் தடங்கள் பல, ஆள் இல்லாமல் மூடப்பட்டன. சரக்குப் படகுகள் குறைந்ததால் கால்வாய்க் கரைகளும் வெறிச்சோடின. அந்த இடங்களைத்தான் சைக்கிளுக்கும் நடைக்கும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவற்றுள் முன்னோடி, பர்கண்டி வட்டாரத்தில் ஜிவ்ரி ஊருக்கும் குளூனி ஊருக்கும் இடையே 1997இல் திறக்கப்பட்ட 44 கிலோமீட்டர் பாதை. பின்னர் அது தெற்கே நீட்டிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய ரயில் சுரங்கம் ஒன்றைக் கடக்கவேண்டும். குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். உள்ளே வௌவால்கள் உறங்குமாம்!

சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை இருந்த ரயில் தடம் 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாக மாறியதல்லவா? கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

வழிப்பலகைகளில் இரண்டு சொற்களைப் பார்ப்பீர்கள்:

- வுவா வேர்ட் - பசுமைப் பாதை. கார், மோட்டார்சைக்கிளுக்கு அனுமதி இல்லை.
- வேலோரூட் - நெடுந்தூரச் சைக்கிள் வழி. இதில் பசுமைப் பாதையும் வரும், கார்கள் ஓடும் சிறிய கிராமச் சாலையும் வரும்.

வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தாலும் வழி முழுக்கக் கார் இல்லாத பாதை என்று நினைத்துவிடக்கூடாது.

முதல்முறை போகிறவர்களுக்கு எந்த வழி?

1. லுவார் ஆற்று வழி

சுமார் 900 கிலோமீட்டர். பிரான்ஸின் ஆக நீளமான ஆற்றை ஒட்டி, நாட்டின் நடுப்பகுதியிலிருந்து அட்லாண்டிக் கடற்கரைவரை செல்கிறது. பெரும்பாலும் சமதளம். வழிப்பலகைகள் தெளிவாக இருக்கும். புதியவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

முழுவதையும் ஓட்டவேண்டும் என்பதில்லை. பாரிஸிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஓர்லியான் நகருக்குப் போய்விடலாம். அங்கிருந்து புளுவா, அம்புவாஸ் வழியாகத் தூர் நகர்வரை 3, 4 நாள் நிதானமாக ஓட்டலாம். ஷாம்போர் கோட்டை மாளிகையைப் பார்க்கப் பாதையிலிருந்து சற்று விலகிப் போகவேண்டும், போனால் வீண்போகாது. ஓவியர் லியோனார்டோ டா வின்சி தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1519இல் காலமானது அம்புவாஸில்தான். லுவார் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஒரு சின்னச் சிக்கல்: ஆறு மேற்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஆற்றோடு கீழிறங்கினால் எதிர்க்காற்று. கடலிலிருந்து தொடங்கினால் காற்று முதுகைத் தள்ளும்.

2. மிடி கால்வாய்

துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் 240 கிலோமீட்டர் கால்வாய். பியேர்-பால் ரிக்கே என்பவரின் திட்டப்படி 1666இல் வேலை தொடங்கி 1681இல் திறக்கப்பட்டது. யுனெஸ்கோ பட்டியலில் 1996இல் இடம்பெற்றது.

படங்களில் இரு கரையிலும் பிளேன் மரங்கள் கூடாரம் போல் நிழல் தரும். நேரில் பல இடங்களில் அந்த நிழல் இப்போது இல்லை. 2006இல் அங்குக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய்க்கு மருந்து கிடையாது. மொத்தம் சுமார் 42,000 மரங்கள் இருந்தன. அவற்றில் பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்தாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரக்கட்டையில் அந்தப் பூஞ்சை வந்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது. வேறு வகை மரங்களை இப்போது நட்டு வருகிறார்கள். அவை வளரும்வரை கோடை வெயில் நேரே தலையில்தான்.

பாதையும் ஒரே மாதிரி இருக்காது. துலூஸுக்குக் கிழக்கே முதல் 50 கிலோமீட்டர் அளவுக்கு வழவழப்பான தார். அதற்கப்புறம் சரளை, மண், துருத்திக்கொண்டு நிற்கும் மர வேர்கள். மெல்லிய சக்கரம் வேண்டாம். நல்ல பாதைதான் வேண்டும் என்றால் துலூஸிலிருந்து மேற்கே, போர்டோ பக்கம் போகும் கரோன் கால்வாயைத் தேர்ந்தெடுங்கள்.

3. ரோன் ஆற்று வழி

ஜெனிவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல்வரை 815 கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே போங்கள். 'மிஸ்ட்ரல்' என்ற பலத்த காற்று அந்தத் திசையில்தான் வீசும். அதை எதிர்த்து ஓட்டினால் இறக்கத்தில்கூட மிதிக்கவேண்டி வரும்.

உயிர் காக்கும் விஷயம்: வலப்பக்கம்!

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பிரான்ஸில் வலப்பக்கம். "அது எனக்குத் தெரியுமே" என்பீர்கள். புறப்படும்போது எல்லாருக்கும் நினைவிருக்கும். தடுமாற்றம் வருவது எப்போது தெரியுமா? ரொட்டிக் கடையில் நிறுத்திவிட்டு, வண்டியே இல்லாத சாலையில் மீண்டும் ஏறும்போது. பழக்கத்தில் கை இடப்பக்கம் திரும்பிவிடும். அடுத்த வளைவில் எதிரே லாரி.

- சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். வண்டிகள் அங்கிருந்துதான் வரும்.
- வட்டச் சந்திப்பில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றவேண்டும்.
- வழிப்பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. கிராமத்துச் சந்திலிருந்து டிராக்டர் நிற்காமல் வந்தால் தவறு அவருடையது அல்ல, உங்களுடையது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: பிரேக். பிரிட்டிஷ் முறைப்படி வலக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. பிரான்ஸில் முன்சக்கரத்துக்கு இடக்கைப் பிடி. வாடகைச் சைக்கிளில் பழைய ஞாபகத்தில் இடக்கையை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் நின்று தலைகுப்புற விழ நேரிடும். சைக்கிளை எடுத்ததும் காலி இடத்தில் மெதுவாக ஓட்டி இரண்டையும் சோதித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

- 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் தலைக்கவசம் அணிவது 2017 முதல் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அணிவது நல்லது.
- சைக்கிளில் மணி, விளக்குகள் இருக்கவேண்டும். ஊருக்கு வெளியே இரவில் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம்.
- காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு ஓட்டக்கூடாது. கைத்தொலைபேசியைக் கையில் பிடிக்கவும் கூடாது.
- மது அருந்திவிட்டு ஓட்டினால் சைக்கிளோட்டிக்கும் தண்டனை உண்டு. திராட்சைத் தோட்டங்கள் வழியே போகிறவர்கள் கவனிக்க!
- கார்கள் உங்களை முந்தும்போது நகருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும்.

அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண் 112.

சாப்பாடு, தண்ணீர்?

24 மணி நேரக் கடைக்குப் பழகிய நமக்குப் பெரிய அதிர்ச்சி இங்கேதான். பிரெஞ்சுக் கிராமங்களில் பல கடைகள் நண்பகலில் 2 மணி நேரம் மூடிவிடும். ஞாயிறு மதியத்துக்குமேல் ஈ, காக்கை இருக்காது. திங்கட்கிழமையும் பல கடைகள் விடுமுறை. உணவகத்தில் மதியம் 2 மணிக்குப் பிறகு சமையலறை மூடிவிட்டால் இரவு 7 மணிவரை காத்திருக்கவேண்டியதுதான். ஆகவே சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சைவ உணவு சாப்பிடுபவர் "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடலாம். "ஜ ந மான்ஜ் நி வியான்ட் நி புவாசோன்" என்று சொல்லுங்கள். இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். ஹலால் உணவு பெரிய நகரங்களில் கிடைக்கும், கிராமங்களில் அரிது.

தண்ணீர் தீர்ந்துவிட்டதா? ஊர் இடுகாட்டைத் தேடுங்கள்! சிரிக்காதீங்க. கல்லறைப் பூச்செடிகளுக்காக அங்குக் குழாய் இருக்கும். நெடுந்தூரச் சைக்கிளோட்டிகள் எல்லாரும் அறிந்த வழி இது. 'ஓ நோன் போத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் அது குடிக்க உகந்த நீர் அல்ல.

தங்குவது, ரயிலில் ஏற்றுவது

'அக்கேய் வேலோ' என்ற முத்திரை உள்ள விடுதிகளைத் தேடுங்கள். அவை சைக்கிள் வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும். சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் இருக்கும். லுவார் வழியில் ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை வேறோர் ஊரில் திருப்பிக் கொடுக்கும் வசதியும் உண்டு.

வட்டார ரயில்களில் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. கோடையில் சில தடங்களில் முன்பதிவு தேவை. அதிவேக ரயில்களில் அப்படி இல்லை. சிலவற்றில் முன்பதிவு செய்து ஏற்றலாம். மற்றவற்றில் கழற்றிப் பைக்குள் வைத்தால்தான் விடுவார்கள். பயணச்சீட்டு வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

எப்போது போகலாம்?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் 180 நாளில் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம்?

பை சுமையோடு 40 முதல் 50 கிலோமீட்டர் போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 3 மணி நேரம். மீதி நேரம் ஊர் பார்க்க.

பிரெஞ்சுச் சைக்கிள் பயணத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் 'வெலோசியோ' எனும் பால் த விவி (1853-1930). டூர் டி பிரான்ஸ் போட்டி 1937வரை கியர் மாற்றும் கருவியைத் தடை செய்திருந்த காலத்தில், சாதாரண மக்களுக்கு அதுதான் தேவை என்று வாதாடியவர். அவர் சைவ உணவுக்காரரும்கூட! பசிக்கும் முன்னே சாப்பிடவேண்டும், களைத்து விழும்வரை ஓட்டக்கூடாது என்பது அவர் சொன்ன பாடம்.

அதைக் கடைப்பிடித்தால் போதும். சனிக்கிழமை ரொட்டி வாங்க மறக்காதீங்க. சாலையில் ஏறும் ஒவ்வொரு முறையும் "வலப்பக்கம்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.