அச்சுக்குறியும் வலைப்பக்கமும்

அச்சகத்திற்குக் கையெழுத்துப்படி அனுப்பிய அனைவரும், அதன் ஓரத்தில் 'இது தலைப்பு' என்றும் 'இவ்வரியைத் தடித்த எழுத்தில் கோக்க' என்றும் எழுதியனுப்பும் வழக்கத்தை அறிவர். நூலின் சொல் வேறு. அச்சுக் கோப்பவர்க்கு நாம் சொல்லும் சொல் வேறு. ஓரக்குறிப்புகளிலும் இருவகை உண்டு. முன்னது ஒரு வரி இன்னதென்று உரைக்கிறது. பின்னது அது கண்ணுக்கு எவ்வாறு தோன்ற வேண்டும் என்று உரைக்கிறது. தாளில் ஏறிய பின் இரண்டும் ஒன்றே. ஆயின் தாளுக்கென எழுதியது தாளை விட்டுப் பெயர்ந்து வலைப்பக்கமாக வேண்டிய காலம் வந்தபோது, இவ்வேறுபாடே எது பிழைக்கும், எது அழியும் என்பதை முடிவு செய்தது.

1977இல் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு கனூத், தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புத்தாள்களைக் கண்டு மனம் நொந்தார். உலோக எழுத்தால் கோத்த முதற்பதிப்பின் அழகு, புதிய ஒளி அச்சுக்கோப்பில் இல்லை. தாமே ஓர் அச்சுக்கோப்பு மொழியை ஆக்கத் துணிந்தார். அதுவே 'டெக்'. அப்பெயரின் ஈற்றெழுத்து கிரேக்க எழுத்தாதலின் 'டெக்ஸ்' என்று ஒலித்தல் பிழை. விரைவில் முடிப்பதாக அவர் எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை உண்டது. அம்மொழியில் கணித வாய்பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் டாலர் குறி இடல் வேண்டும். கணிதத்தை அச்சிடுதல் செலவு மிக்க தொழில் எனக் கருதப்பட்டமையால் அக்குறியைத் தேர்ந்ததாகக் கனூத்தே குறித்துள்ளார். அறிஞரின் நகைச்சுவைக்கு இஃதொரு சான்று.

டெக் பெரும்பாலும் தோற்றத்தையே பேசிற்று. 'இதனை உயர்த்து', 'இங்கு இடம் விடு' என்பன அதன் கட்டளைகள். எண்பதுகளின் இடையில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் 'லாடெக்' என்னும் அமைப்பைக் கட்டினார். அதனை விளக்கும் அவர் நூல் 1986இல் வெளிவந்தது. 'இஃது இயல்', 'இஃது அடிக்குறிப்பு', 'இது தேற்றம்' என்று பெயரிடுவதே ஆசிரியர் கடன். தோற்றம் அமைப்பின் பொறுப்பு என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை எழுதுவோர் எல்லாரும் கைக்கொண்டாரல்லர்.

ஏறத்தாழ இதே எண்ணம் வேறொரு வழியிலும் வளர்ந்து வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்டுபார்பும் துணைவர் இருவரும் 1969இல் தொடங்கிய பொதுக் குறியீட்டு மொழி, 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அம்மரபிலிருந்தே டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், வலைப்பக்க மொழியாகிய எச்.டி.எம்.எல்.லை வகுத்தார். இயற்பியலார் நிறைந்த ஆய்வகம் அது. சமன்பாடின்றி அவர்க்கு ஒருநாளும் கழியாது. அங்குப் பிறந்த மொழியில் சமன்பாடு எழுத வழியில்லை! 1995இன் வரைவொன்றில் கணிதக் குறிகள் இடம்பெற்றன. 1997இல் வந்த தரத்தில் அவை விடப்பட்டன.

இந்நிலையில்தான் மாற்றுக் கருவிகள் தோன்றின. 1993இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகோஸ் டிராகோஸ் ஆக்கிய கருவி பெரும்புகழ் பெற்றது. லாடெக்கில் பெயரிட்ட பகுதிகள் இக்கருவியில் நன்மையே அடைந்தன எனலாம். 'மூன்றாம் இயல் காண்க' என்ற தொடர், தொட்டால் அவ்வியலுக்கு இட்டுச் செல்லும் இணைப்பாயிற்று. அடிக்குறிப்பு தனிப்பக்கம் ஏறிற்று. வாய்பாடுகளின் கதை வேறு. வலைமொழியில் அவற்றுக்கு இடமில்லாமையால், சிக்கலான ஒவ்வொன்றையும் அச்சிற் கோத்துச் சிறு படமாக்கி ஒட்டுவதே வழியாயிற்று. ஒரு பக்கத்தில் இத்தகு படங்கள் பல பத்து. அவை வரியோடு ஒட்டாமல் மேலுங்கீழும் தொங்கின. எழுத்தைப் பெரிதாக்கினால் சுற்றியுள்ள சொற்கள் வளர, வாய்பாடு மட்டும் வளராமல் நின்றது.

தமிழுக்கும் இவ்விதி நேர்ந்தது. இக்கருவியை வளர்த்த ஆஸ்திரேலியக் கணித அறிஞர் ராஸ் மூர், இந்திய எழுத்துகளுக்கென ஓர் இணைப்புத் தொகுதி அமைத்தார். யூனிகோடு பரவாத அந்நாளில் அயலார் கணிப்பொறியில் நம் எழுத்துரு இராதாகையால், அத்தொகுதியும் நம் எழுத்தைப் படமாக்கியே காட்டியது. முயற்சி போற்றற்குரியதே. ஆயினும் படமான தமிழில் ஒரு சொல்லைத் தேட இயலாது. ஓரடியைப் பெயர்த்தெடுத்துக் கட்டுரையில் வைக்க இயலாது. சொல்லடைவு தேடியே வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்றார்க்கு அது பூட்டிய பேழையே.

இழப்பின் முழு அளவை உணரப் பார்வையற்ற வாசகரை நினைத்தல் வேண்டும். புனேயில் பிறந்து, பதினான்காம் வயதில் பார்வையிழந்த டி. வி. ராமன், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டத்துக்காக ஆக்கிய 'ஆஸ்டர்' என்னும் அமைப்பு, லாடெக்கில் எழுதிய கணிதத்தை வாய்விட்டுப் படித்தது. மேலெழுத்து வரும்போது குரல் உயரும், கீழெழுத்துக்குத் தாழும். நீண்ட வாய்பாட்டைக் கேட்போர் விரும்பும் உறுப்பில் நிறுத்தி மீண்டுங் கேட்கலாம். இதற்கு வேண்டியது அச்சேறிய தாளன்று. அச்சுக்குறி நிரம்பிய மூலம். அவ்வாண்டுகளிலேயே மாற்றுக் கருவிகள் அம்மூலத்தை ஊமைப் படங்களாக்கிக்கொண்டிருந்தன என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. ஆஸ்டருக்கும் ஓரிடர் உண்டு. டெக்கின் கூரைக்குறி 'மேலே வை' என்று மட்டுமே கூறும். மேலேறிய எழுத்து அடுக்கா, அணியை இடமாற்றும் குறியா என்று கூறாது. கண்ணுள்ள கணிதர் சூழல் நோக்கி உணர்வர். பொறி ஊகித்தாக வேண்டும்.

மாற்றுக் கருவி ஆக்குவோர்க்கு இன்னுமொரு தடை. டெக் வெறுங் குறித்தொகுதியன்று, ஒரு நிரல்மொழி. எழுதுவோர் தாமே குறுங்கட்டளைகளை ஆக்கலாம். எந்த எழுத்தின் பணியையும் மாற்றலாம். எனவே டெக்கைப் பிழையின்றிப் படிக்க வல்லது டெக்கே. இதனை உணர்ந்த ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஐதன் குராரி, டெக்கையே இயக்கி, அதன் வெளியீட்டினுள் அடையாளங்களைப் புதைத்து, அவற்றைப் பின்னர் வலைமொழியாக்கும் கருவியைச் செய்தார். அவர் 2009இல் மறைந்தார். கருவி இன்றும் வழங்குகிறது. என் மதிப்பீட்டில், இத்துறையின் தெளிந்த சிந்தனை அவருடையதே.

கணிதத்துக்கென 'மேத் எம்.எல்.' என்னும் குறிமொழி 1998இல் பரிந்துரையாயிற்று. பயர்பாக்ஸ் உலாவி அதனை முன்னரே ஏற்றது. குரோம் முழுமையாக ஏற்றது 2023 சனவரியில்தான். இடைப்பட்ட இருபத்தைந்தாண்டில் புரூஸ் மில்லர், அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தின் கணிதச் சார்புகள் மின்னூலகத்துக்காக, டெக் படிக்கும் முறையைப் போலவே படித்து மேத் எம்.எல். தரும் கருவியை உருவாக்கினார். அம்மின்னூலகம் 2010இல் வெளிவந்தது. பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கி, 2001இல் கார்னெலுக்குப் பெயர்ந்த 'ஆர்க்கைவ்' ஆய்வுக் களஞ்சியம், 2023 திசம்பரில் அதே கருவியால் புதுக் கட்டுரைகளை வலைப்பக்கமாகவும் வழங்கத் தொடங்கியது. பார்வையற்றோர்க்கும் கட்டுரைகள் எட்டவேண்டும் என்பதே அதற்குக் கூறிய முதற்காரணம்.

கருவி எத்துணை வல்லதாயினும் மூலத்தில் இல்லாததைத் தராது. லாடெக்கில் 'இஃது இயல்' என்று பெயரிடச் சோம்பி, 'பெரிது, தடித்தது' என்று மட்டும் குறித்த ஆசிரியர் பலர். அவர்தம் கட்டுரை வலைப்பக்கமாகும்போது அத்தலைப்பு தடித்த வரியாகவே வந்து நிற்கும். கண்ணால் காண்போர் வேறுபாடு அறியார். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித் தாவித் திரைவாசிப்பானில் கேட்பவரோ, அங்கு ஓர் இயல் தொடங்கியதே தெரியாமல் அதனைக் கடந்து போவார்.