தகடூர்

தகடூர் என்பது இன்றைய தருமபுரியின் பழம்பெயர். சங்ககாலத்தில் அதியமான்களின் தலைநகர். தமிழகத்துக்கும் கன்னட நாட்டுக்கும் இடைப்பட்ட வாயிலில் அமைந்ததால், அடுத்தடுத்து வந்த பேரரசுகள் பலவற்றின் கைக்கு இது மாறியது.

அசோகர் தம் கல்வெட்டில் சோழ, பாண்டிய, கேரளரோடு சேர்த்துக் குறிக்கும் சதியபுத்திரர் யார் என்ற கேள்வி நெடுநாள் விவாதப் பொருளாக இருந்தது. 1981-இல் கண்டறியப்பட்ட ஜம்பை தமிழ்-பிராமிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியையே அப்பெயரால் அழைக்கிறது. தமிழகத் தொல்லியலின் அரிய பேறுகளுள் இது ஒன்று. ஔவையாரைப் போற்றிய இந்த அஞ்சியின் தகடூரைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைப் பாடுகிறது. அந்தப் போரைப் பொருளாகக் கொண்ட ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்காதது பெரும் இழப்பு.

பின்னர் பல்லவர், கங்கர், நுளம்பர் ஆதிக்கம் தொடர்ந்தது.

9-ஆம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் மகேந்திரனின் ஆட்சி இங்கே நிலவியதைக் கன்னடக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில் நுளம்பரின் நாடான நுளம்பபாடியைத் தான் வென்ற நாடுகளுள் ஒன்றாகக் குறிக்கிறான். அதியமான் மரபினரோ அழிந்துவிடவில்லை. சோழரின் கீழ்ச் சிற்றரசர்களாக மீண்டனர். 1116-ஐ ஒட்டித் தலைக்காட்டில் போசள விட்டுணுவர்த்தனனிடம் தோற்ற சோழப் பிரதிநிதியும் ஓர் அதியமானே.

போசளர், விசயநகரம், மைசூர் என ஆட்சி மாறியது. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும், உழவரிடமே நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறையை முதலில் உருவாக்கியது இப்பகுதியில்தான். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965-இல்.